கடைசி வரி போய்ச் சேர்கிற வரைக்கும்

1.
ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையைக் கொடுத்தது என் அக்கா. ஒரு மருத்துவமனையில் புரோகிராம் எழுதுகிறாள். “என்னைப் பத்தி மட்டும் எழுதிடாதடா” என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: மழை கொட்டிய ஒரு மாலையில் அவள்... (மழையே இல்லை. அடித்துவிட்டேன்.)

2.
ஆய்வகத்திலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவுகளை வார்டுக் கணினிக்கு அனுப்புவது அவளுடைய புரோகிராம். அன்று ஓர் அறிக்கை வால் அறுந்து போய்ச் சேர்ந்தது. வார்டு நர்ஸ் போனில் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, ஏழாம் கட்டில் தாத்தாவுக்கு மருந்து ஏத்தலாமா வேணாமான்னு டாக்டர் நிக்கிறாரு. கடைசி வரி பொட்டாசியம். எங்கம்மா அது?”

“அனுப்பிட்டேனே சிஸ்டர்!”

“யாருக்கு? காத்துக்கா?”

(பொட்டாசியம் அளவைப் போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். வார்டுக் கணினி அச்சடித்த தாளில் வந்தால்தான் மருந்து என்பது அந்த வார்டின் விதி. என் வசதிக்கு நான் போட்டதல்ல. போட்டிருந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.)

3.
இங்கே வில்லனாக, கேபிளைக் கடிக்கும் ஓர் எலியை வைத்துப் பார்த்தேன். அக்கா விடவில்லை. “பாவம், எலி மேல பழி போடாத. நான்தான் அவசரக்குடுக்கை.”

வார்டுக் கணினி ஒவ்வொரு வரிக்கும் ‘வந்தது’ என்று பதில் போடும். அக்கா (அதாவது, அவள் எழுதிய புரோகிராம்) அதைப் படிப்பதே இல்லை. அனுப்பியதும் இணைப்பை மூடிவிடுவாள். பதில் படிக்கப்படாமல் கிடக்கும்போது மூடினால், அது முகத்தில் கதவை அறைவது மாதிரி. இன்னும் போய்ச் சேராமல் வழியில் இருக்கும் வரிகளும் சேர்ந்து கொட்டிப்போகும்.

செய்ய வேண்டியது இதுதான்: ‘நான் சொல்லி முடித்தேன்’ என்று தன் பக்கத்தை மட்டும் மூடுவது. எதிர்ப்பக்கம் சொல்வதைக் கடைசிவரை படிப்பது. அதுவும் முடித்த பிறகே முழுதாக மூடுவது.

4.
திருத்தினாள். மறுபடி அனுப்பினாள். காத்திருந்தாள். போனில் நர்ஸ்: “இரும்மா, தாள் வருது... சர்க்கரை... சோடியம்... ஆங், வந்துட்டுது பொட்டாசியம்! டாக்டர்ட்ட காட்டிட்டு வரேன். வச்சிடாத.”

யார் பேச்சையும் முழுதாகக் கேட்டறியாத என் அக்கா, போனை வைக்கவில்லை.

முடிவு அ: மருந்து ஏறியது, தாத்தா எழுந்து உட்கார்ந்து நர்ஸைத் திட்டினார்.
முடிவு ஆ: அளவைப் பார்த்த டாக்டர் மருந்தை நிறுத்தினார், அதனால்தான் தாத்தா...

என் பக்கம் எழுதி முடித்தாயிற்று. நர்ஸ் திரும்பி வந்து என்ன சொன்னார் என்று நீங்கள் சொல்லுங்கள். அதைப் படிக்காமல் இந்தக் கதையை மூடினால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டாள்.