பெயர் விட்டுப்போனவர்கள்

முப்பத்தொரு பேர். அவினோ திரையை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள். அவள் போட்ட செய்தியைக் கேட்டது முப்பத்தொரு பேர்தான். அதில் இரண்டு தடவை கேட்டது அவளேதான்.

கோதுண்டோ ஏரிக்கரையை முப்பத்து மூன்று வருடக் குத்தகைக்கு ஒரு விடுதிக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுக்கப் போகிறார்கள் என்று கண்டுபிடிக்க, கிசுமு நகரத்தில் மூன்று வாரம் செருப்புத் தேய அலைந்திருந்தாள். படகு கட்டும் இடம், மீன் காயவைக்கும் மணல், பெண்கள் பேரம் பேசும் மரத்தடி, எல்லாம் வேலிக்குள் போய்விடும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். அதற்கான அறிவிப்பு ஆங்கிலப் பத்திரிகையின் பத்தொன்பதாம் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் வந்திருந்தது. கரையில் ஒருவரும் அந்தப் பத்திரிகையை வாங்குவதில்லை. கூட்டத்துக்கு யாரும் வராவிட்டால் மக்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். இன்று திங்கள்.

இந்த மாதிரிச் செய்திக்காகத்தானே அவளும் ஒகுட்டுவும் சொந்தக் கம்பெனியே தொடங்கினார்கள். பத்திரிகை வேலையை அவினோ விட்டாள், வங்கியில் கணினி வேலையை ஒகுட்டு விட்டான், இரண்டு பேரும் சேர்ந்து 'வாச்' தொடங்கினார்கள். லுவோ மொழியில் வாச் என்றால் சேதி. ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் இயந்திரம் திரும்பக் கூப்பிடும். ஒன்றை அமுக்கினால் லுவோ மொழியில் செய்தி, இரண்டை அமுக்கினால் மீன் விலை, மூன்றை அமுக்கினால் சாவு அறிவிப்பு. படிக்கத் தெரிய வேண்டாம், பட்டன் போனே போதும். மூன்றாவது பட்டன் ஒகுட்டுவின் யோசனை. அவினோவுக்கு அதில் முதல் நாளிலிருந்தே இஷ்டமில்லை.

"மூணுல எத்தன பேரு?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"அந்த ரிட்டயர்டு தலைமையாசிரியர் சாவா? நாலாயிரத்து இருநூறு," என்றான் ஒகுட்டு. "நெறையப் பேரு ரெண்டு தடவ கேட்டிருக்காங்க."

"ரெண்டு தடவ எதுக்கு? ரெண்டாவது தடவ கேட்டா எழுந்து உக்காந்துருவாரா?"

"சொந்தக்காரங்க வரிசையில தங்க பேரு வருதான்னு பாக்குறாங்க. ஒரு மருமகன் பேரு விட்டுப்போச்சாம். காலையில இருந்து பதினோரு தடவ போன் பண்ணிட்டான். அழுறான் அவினோ, நெசமாவே அழுறான்."

"மாமனாருக்காகவா?"

"பேருக்காக."

அவினோ பையைத் தூக்கிக்கொண்டு கரைக்குக் கிளம்பினாள். பட்டனை அமுக்க மாட்டார்கள் என்றால் நேரில் போய்க் காதுக்குள் கத்த வேண்டியதுதான்.

பெண்கள் வலை விரித்து ஓமேனாப் பொடிமீனைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். மின் ஒபுயா, அதாவது ஒபுயாவின் தாய், நடுவில் நின்று எல்லோருக்கும் வேலை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கரையில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அவினோவின் அம்மா அகேயோவும் இருபது வருடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்றவள்தான்.

"அம்மா, நான் போட்ட செய்திய கேட்டீங்களா?"

"செய்தியா? நான் மூணாவதுதான் கேப்பேன்," என்றாள் மின் ஒபுயா.

அவினோ பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னாள். குத்தகை, வேலி, வியாழக்கிழமை. பெண்கள் கேட்டார்கள். கேட்டுக்கொண்டே மீனைத் திருப்பிப் போட்டார்கள்.

"கவர்மென்ட்டு வருசத்துக்கு நாலு தடவ இப்படி எதையாச்சும் சொல்லும் பொண்ணே. ரோடு வரும்னுச்சு, வந்துச்சா? வேலி மட்டும் வந்துருமா? அதுவும் வியாழக்கிழமை சந்தை நாளு."

"வேலி வந்தா சந்தையே இல்லம்மா."

"அப்ப பாத்துக்கலாம். அத விடு. எங்க கொழுந்தன் சாவுக்கு உன் போன்ல வாசிச்சியே, என் பேருக்கு முன்னாடி அந்தச் சின்னவ பேர வாசிச்ச. இருபத்தாறு வருசம் மூத்த மருமக நான். அது என்ன நியாயம்?"

அதற்குப் பிறகு அரை மணி நேரம் அந்த நியாயம்தான் ஓடியது. வலையைத் தூக்கித் தண்ணீரில் எறிந்துவிடலாமா என்று அவினோவுக்கு இருந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பியவள் பையைப் போட்ட வேகத்தில் ஒகுட்டுவின் தேநீர் கொட்டியது. "நாலு வருசம் பத்திரிகைப் படிப்புப் படிச்சேன். ஊரு பூரா சாவு வாசிக்கவா? செத்தாத்தான் கேப்பேன்னா, சரி, செத்ததாவே வாசிக்கிறேன்."

"பொய்யா வாசிக்கப் போறியா?" ஒகுட்டு பயந்துவிட்டான். வாச்சில் பொய்யாக ஒரு சொல்லும் போகக் கூடாது என்று அவனுக்கு வாரம் ஒருமுறை வகுப்பெடுப்பவளே அவள்தான்.

"ஒரு வார்த்த பொய் இருக்காது. பாத்துக்கோ."

கரையில் தொழில் செய்கிறவர்களின் பெயர் இருக்கும் கமிட்டிப் பதிவேட்டை வாங்கி வந்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, மூன்றாவது பட்டனுக்காக, சாவு அறிவிப்பு வாசிக்கும் அதே இழுத்த குரலில் வாசித்தாள்:

"ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது. நம் பாட்டன்மாருக்கும் தகப்பன்மாருக்கும் சோறு போட்ட கோதுண்டோ கரை, வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, மாவட்ட மன்றக் கூடத்தில், ஒரு கையெழுத்தில் உயிர்விட இருக்கிறது. உயிரோடு முகம் பார்க்க விரும்புகிறவர்கள் அதற்குள் வந்து சேரவும். கரை தனக்குப் பின்னால் விட்டுச் செல்லும் பிள்ளைகள்: ஓமேனா விற்கும் அகுமு, அவள் தங்கை அடோங்கோ, படகுக்கார ஓலூ, வலை தைக்கும் நியான்டோ..."

பதிவேட்டில் இருந்த நூற்று நாற்பத்தெட்டு பெயரையும், தகப்பன் பெயர், புகுந்த வீடு சகிதம், ஒன்று விடாமல் வாசித்தாள். பதினோரு நிமிடம் ஆனது.

"பதினோரு நிமிசம் யாரு கேப்பா?" என்றான் ஒகுட்டு.

மதியத்துக்குள் ஆறாயிரம் பேர் கேட்டிருந்தார்கள். பிறகு போன் அடிக்கத் தொடங்கியது.

குத்தகை என்றால் என்ன, கம்பெனிக்காரன் யார், வழக்குப் போடலாமா, ஒருவரும் கேட்கவில்லை. என் பெயர் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். என் அப்பன் கட்டிய படகு அந்தக் கரையில் இன்னும் நிற்கிறது, என் பெயர் எங்கே என்றார்கள். நைரோபியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்றார். முதலில் அவினோ எடுத்து விளக்கினாள், பிறகு கத்தினாள், பிறகு போனை ஒகுட்டுவிடம் தள்ளிவிட்டு வெளியே போய் நின்றாள்.

ஒகுட்டுவுக்கும் இருபது அழைப்புக்கு மேல் தாங்கவில்லை. ஆளை விட்டால் போதும் என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லத் தொடங்கினான்: "பேரு விட்டுப்போயிருந்தா வியாழக்கிழமை மன்றத்துக்கு நேர்ல வாங்க. அங்க ஆபீசரே எழுதிக்குவாரு."

மின் ஒபுயாவும் கூப்பிட்டாள், ஒகுட்டு போனை அவினோவிடமே நீட்டினான். கமிட்டிச் செயலாளரோடு மின் ஒபுயா போட்ட சண்டையில் அவன் அவள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாமலே விட்டிருந்தான்.

"கரை போகப் போவுதுன்னு இத்தன நாளா ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நேத்து நேர்ல வந்து சொன்னேனேம்மா."

"அது செய்தி. செய்திய யாரு கேப்பா?"

அவினோ நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை மன்றக் கூடத்தில் இருபது நாற்காலி போட்டிருந்தார்கள். இருபது தண்ணீர்ப் பாட்டில். கையெழுத்துத் தாளில் இருபது கோடு. ஒன்பது மணிக்கே நாற்காலி நிறைந்தது, பத்துக்குள் நடைபாதை நிறைந்தது, வெளியே மாமரத்தடியும் நிறைந்தது. பெண்கள் சாவுக்குப் போகும் துணியில் வந்திருந்தார்கள். பெரிய மனிதர் செத்தால் செய்வதுபோல ஆண்கள் சிலர் மாடுகளை ஓட்டிக்கொண்டு, கொம்பு ஊதியபடி வாசல்வரை வந்துவிட்டார்கள். ஒரு காளை அறிவிப்புப் பலகையை முட்டியது.

நில அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "யாருங்க செத்தது?"

"இன்னும் சாகல," என்றாள் மின் ஒபுயா. "நீங்கதான் இன்னும் கையெழுத்துப் போடலயே. மொதல்ல என் பேர எழுதுங்க. விட்டுப்போச்சு."

பெயர்தானே, எழுதிக்கொண்டால் கலைந்துவிடுவார்கள் என்று அதிகாரி நினைத்திருக்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் ஆதரவா எதிர்ப்பா என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லோரும் எதிர்ப்பு என்றே போடச் சொன்னார்கள். இருபது கோடு ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. தாள் கொண்டுவரச் சொன்னார், அதுவும் தீர்ந்தது, பிறகு எதிர்க் கடையில் பள்ளிக்கூட நோட்டு வாங்கினார்கள். மூன்றாவது நோட்டில்தான் அவருக்கு உறைத்தது. எதிர்ப்பு என்று பதிவான ஒவ்வொரு பெயருக்கும் அவர் எழுத்தில் பதில் சொல்லாமல் கோப்பு மேசையை விட்டு நகராது. நானூறைத் தாண்டியபோது இரண்டாவது பேனா கேட்டார்.

அவினோ பின்சுவரில் சாய்ந்து ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தாள். யாரும் கரையைப் பற்றிப் பேசவில்லையே, தம்பி பெயருக்கு முன்னால் அண்ணன் பெயர் என்று வரிசைக்கல்லவா சண்டை போடுகிறார்கள் என்று எரிச்சலாக வந்தது.

எழுதி முடித்ததும் அதிகாரி எழுந்தார். மின் ஒபுயா விடவில்லை.

"வாசிச்சுக் காட்டுங்க. நீங்க என்ன எழுதுனீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் வாசித்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர். பெயர் வந்த இடத்தில் ஒவ்வொருவரும் நிமிர்ந்து நின்றார்கள். நைரோபிக்காரர் பேருந்து ஏறி வந்திருந்தார், அவர் பெயரும் வந்தது. கடைசிப் பெயரை வாசித்துவிட்டு அதிகாரி நோட்டை மூடினார்.

அவினோ இன்னும் சுவரிலேயே சாய்ந்திருந்தாள். செய்தி சேகரிக்கிறவர் மனுவில் கையெழுத்துப் போடக் கூடாது. அவள் வைத்த விதிதான். ஒகுட்டு மறந்தால் ஞாபகப்படுத்துகிறவளும் அவள்தான். ஆனால் இருபது வருடம் அந்த மணலில் உட்கார்ந்து அவளைப் படிக்க வைத்தவள் அம்மா அகேயோ. அகேயோ செத்து ஐந்து வருடம். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் அந்த வீட்டுப் பெயர் ஒன்றுகூட இல்லை. பதினோரு தடவை போன் பண்ணி அழுத அந்த மருமகனை அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒலிப்பதிவை நிறுத்தினாள். கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு மேசைக்குப் போனாள்.

"ஒரு பேரு விட்டுப்போச்சு. எழுதுங்க. அவினோ. மீன் வித்த அகேயோ மக."

"கூட்டம் முடிஞ்சுதும்மா," என்றார் அதிகாரி. அவள் நகரவில்லை. அவர் பெருமூச்சு விட்டு நோட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தின் அடியில் எழுதினார்.

"அடியில ஒட்ட வெக்காதீங்க," என்று பின்னாலிருந்து மின் ஒபுயாவின் குரல் வந்தது. "அகேயோ எனக்குப் பக்கத்துல உக்காந்தவ. அவ மக பேரு என் பேருக்கு அடுத்து வரணும். மாத்தி எழுதிட்டு, மொதல்லருந்து வாசிங்க."

அதிகாரி அவினோவைப் பார்த்தார், இந்த அநியாயத்தை நீயாவது கேள் என்பதுபோல. அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாசிங்க சார்," என்றாள்.