ஏலக்காரர் வீட்டு வைஃபை

சின்னவன் விடாமல் போன் போட்டு நச்சரித்ததால்தான் பெரியவள் லீவு சொல்லிவிட்டுப் பெற்றோர் வீட்டுக்கு வந்தாள். சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் நெட்வொர்க் பார்ப்பது அவள் வேலை. கிளை அலுவலகங்களில் யாருக்காவது நெட் வரவில்லை என்றால், போனில் பிடித்துவைத்து, எந்த லைட் எரிகிறது, எந்த லைட் எரியவில்லை என்று கேட்டுக் கேட்டுச் சரிசெய்வாள். தம்பிக்கும் போனிலேயே சொல்லிப் பார்த்தாள். அவன் நாற்காலியை விட்டு எழுந்து ரௌட்டரைப் பார்க்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தான்.

அவனுக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. வேலை என்று எதுவும் நிலைக்கவில்லை. இப்போது ஒரு டீமில் சேர்ந்து ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை விளையாடுகிறான். அங்கே அவன் பெயர் கமாண்டர். போட்டி வரப்போகிறது, குறி பார்த்துச் சுடும் நேரத்தில் படம் அப்படியே நின்றுவிடுகிறது, மறுபடி ஓடும்போது நான் செத்துக் கிடக்கிறேன் என்பது அவன் புகார்.

வாசலில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "மொதல்ல அவனுக்குப் பாத்துக் குடுத்துடு பெரியவளே. ரெண்டு நாளா சரியா சாப்பிடக்கூட இல்ல."

அப்பாவை அப்புறம் பார்க்கலாம் என்பது அதற்குள் அடங்கியிருந்தது. அப்பா உள்ளறை ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். மீன் சந்தையில் ஏலம் விட்டவர். ஒலிபெருக்கி இல்லாமலேயே கடைசிக் கூடைக்காரி வரை கேட்கும் அவர் குரல். பக்கவாதம் வந்து வலது கையோடு பேச்சையும் கொண்டுபோய்விட்டது. பெரியவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, வாய் திறந்து, பாதியில் நின்றது. அவள் குனிந்து அவர் தோளைத் தட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

ரௌட்டர் செருப்பு அலமாரிக்குள் இருந்தது. வெளியில் இருந்தால் அசிங்கமாக இருக்கிறதென்று அம்மா உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தாள். பெரியவள் கதவைத் திறந்ததும் வியர்த்த தோலும் எதுவோ அழுகியதும் கலந்த ஒரு வாடை முகத்தில் அடித்தது. கையை விட்டு ரௌட்டரை எடுத்தாள். வெதுவெதுவென்று இருந்தது. கவிழ்த்தபோது, காற்றுப் போகும் துளைகளிலிருந்து கரப்பான்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவள் மணிக்கட்டில் இறங்கின. உதறினாள். ஒன்று சட்டைக் கைக்குள் போய்விட்டது. அதை நசுக்காமல் வெளியே எடுப்பதற்குள் உடம்பு முழுக்கக் கூசிப்போயிற்று. மூடியைக் கழற்றினால் உள்ளே எச்சமும் உதிர்ந்த இறக்கையும் முட்டைக்கூடுகளும் அப்பிக் கிடந்தன. வெள்ளையாக இருந்த ஒயர் பழுப்பாகிப் பிசுபிசுத்தது.

கையுறை கேட்டாள். அம்மா பால் பாக்கெட் கவரைக் கொடுத்தாள்.

துடைத்து முடித்துச் சின்னவன் அறைக்குப் போனால் அது இதற்கு மேல். ஜன்னல் திறந்து எவ்வளவு காலமாயிற்றோ. மேஜையில் தட்டின் மேல் தட்டு. நடுவில் நூடுல்ஸ் காய்ந்து, அதன் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை மயிர்விட்டிருந்தது. கீபோர்டின் இடுக்குகளில் வெட்டிப் போட்ட நகங்கள். ஒயரைத் தேடி மேஜைக்கடியில் குனிந்தவள், வழியில் இருந்த பாட்டிலை நகர்த்தினாள். டீ என்று நினைத்தாள். அது சூடாக இருந்தது. வாடை வந்த பிறகுதான் என்னவென்று புரிந்தது.

"நடு மேட்ச்ல எந்திரிக்க முடியாதுக்கா," என்றான் சின்னவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே. "அம்மா எடுத்துட்டுப் போயிடுவாங்க."

அம்மா அதற்குள் வந்து, காலி டம்ளரை எடுப்பதுபோல அதை எடுத்துக்கொண்டு போனாள். பெரியவள் வெளியே ஓடினாள். வாசல் குழாயில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். முழங்கை வரை கழுவினாள். வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டாள்.

வேலையென்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ரௌட்டரைக் கூடத்தில் திறந்த அலமாரியின் மேல் வைத்தாள். அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் ஒரே சேனலில் முண்டியடித்துக்கொண்டிருந்தன. இந்த வீட்டை ஆளில்லாத சேனலுக்கு மாற்றினாள். சின்னவன் கம்ப்யூட்டருக்கு வைஃபையே வேண்டாம் என்று முடிவு செய்து, பையில் கொண்டுவந்திருந்த கேபிளைக் கூடத்திலிருந்து சுவரோரமாக இழுத்தாள். ஆணி அடித்து மாட்டும்போதெல்லாம் அவன் தலையைச் சாய்த்து அவளைத் தாண்டித் திரையைப் பார்த்தான்.

"இதுக்கெல்லாம் நேரமாகும்னா அப்புறம் பாத்துக்கலாம்கா. படம் இப்படி லேக் ஆகி நிக்கறது எதனாலன்னு மட்டும் கண்டுபிடி. வேற யாரும் நெட்ட இழுக்கல. அப்பாவோட டேப்லட்டக்கூட நான் எப்பவோ ப்ளாக் பண்ணிட்டேன். அப்பவும் நிக்குது."

பெரியவள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

அந்த டேப்லட் அவள் வாங்கிக் கொடுத்தது. பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருத்தி காலை வேளைகளில் அதில் வீடியோவில் வருவாள். அப்பாவுக்குச் சாதாரண வார்த்தைகள் போய்விட்டன. ஆனால் காலமெல்லாம் சொல்லிப் பழகியது நாக்கிலேயே தங்கியிருக்கும் என்று அந்தப் பெண் கண்டுபிடித்திருந்தாள். ஒரு தரம், ரெண்டு தரம் என்று ஏலம் விடச் சொல்லி, அதைப் பிடித்துக்கொண்டே மற்ற வார்த்தைகளுக்கு அவரை நகர்த்தப் பார்த்தாள். முதல் மாதம் நன்றாகப் போயிற்று. அப்புறம் அவளே பெரியவளைக் கூப்பிட்டு, உங்கள் அப்பா பாதியிலேயே லைனை விட்டுப் போய்விடுகிறார், ஆர்வமில்லை போலிருக்கிறது, அந்த நேரத்தை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடவா என்று கேட்டாள். பெரியவள் அன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டாள். அம்மா காதில் வைத்துப் பிடிக்க, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்களே முயற்சி எடுக்கலன்னா யார் என்ன பண்ண முடியும் என்று அவள் திட்டினாள். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

எப்போது ப்ளாக் செய்தாய் என்று கேட்டாள். எங்கள் பிராக்டீஸும் அதே நேரம்தானே, டீமில் பாதிப் பேர் வேறு நாட்டில் இருக்கிறார்கள், நேரத்தை மாற்ற முடியாது என்று அவன் விளக்கினான். நா கூசவில்லை. முழுதாக நிறுத்தவில்லையாம், பிராக்டீஸ் தொடங்கும்போது நிற்கிற மாதிரிதான் வைத்திருக்கிறானாம். அவருக்கு என்ன தெரியப்போகிறது, படம் அப்படியே நிற்கும், அவர்பாட்டுக்கு அதைப் பார்த்து உளறிக்கொண்டிருப்பார் என்றான்.

அம்மா கதவருகே நின்றிருந்தாள். பெரியவள் அவளைப் பார்த்தாள்.

"அவன் வருத்தப்படுவான்னுதான் நான் ஒண்ணும் சொல்லல," என்றாள் அம்மா. "அவருக்கும் ஒக்காந்து ஒக்காந்து இடுப்பு வலிக்குது."

பெரியவளுக்குக் கத்தத் தோன்றியது. சுத்தியலை எடுத்து, கேபிளை மாட்டி முடித்தாள். எவ்வளவு பேர் இழுத்தாலும் ரௌட்டரில் நெட் தேங்கி நிற்காதபடி, வரும் வேகத்தில் கொஞ்சம் மிச்சம் விட்டு அளவு வைத்தாள். டேப்லட்டின் ப்ளாக்கை எடுத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் அதற்கு வழிவிடும்படி அமைத்தாள். அடுத்த இடம் சின்னவன் ஆட்டத்துக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் தாராளமாக ஓடின. ஒரு கேபிள் இழுத்திருந்தால் போதும். அதற்கு எழுந்திருக்கச் சோம்பல்பட்டு ஒரு மனுஷனின் வாயை அடைத்து வைத்திருந்தான்.

சோதித்துப் பார்க்கச் சொன்னாள். அவன் டீமைக் கூப்பிட்டு ஒரு ஆட்டம் தொடங்கினான். அவள் கூடத்தில் லேப்டாப்பை மடியில் வைத்து அளவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிங், அதாவது தகவல் போய்வர ஆகும் நேரம், ஏறவே இல்லை. கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. அப்பாவின் டேப்லட்டிலும் ஒரு வீடியோவை ஓடவிட்டிருந்தாள், அதுவும் நிற்கவில்லை. உள்ளே சின்னவன் சிரித்தான். "வெண்ண மாதிரி போகுதுக்கா," என்றான்.

அவன் யாரையோ சுட்டு வீழ்த்தியிருக்க வேண்டும். மேஜை ஸ்பீக்கரில் ஒரு குரல் கிளம்பியது.

"ஒரு தரம்... ரெண்டு த... த... த... த..."

எதிரொலி சேர்த்திருந்தது. கடைசி எழுத்தில் முட்டி முட்டி நின்று, மூச்சு இழுத்து, முனகலாக முடிந்தது. அதைத் தொடர்ந்து டீம்காரர்களின் சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் வீழ்ந்தான். மறுபடியும் அதே குரல், அதே முட்டல், அதே முனகல்.

பெரியவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். காதில் விழுந்தது மூளைக்குப் போய்ச் சேரவில்லை. சேர்ந்ததும் எழுந்தாள். சின்னவன் அறைக்குப் போகவில்லை, அப்பாவிடம் ஓடினாள். இதைக் கேட்டு அவர் என்ன ஆனாரோ என்ற பயம்.

அப்பா சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. அவளைக் கண்டதும் இடது கை விரலால் சுவரைக் காட்டினார். சொல்ல ஏதோ இருந்தது. அவள் முட்டி போட்டு எதிரில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

"அங்க... ஒரு ஆளு," என்றார். நெற்றி நரம்பு புடைத்தது. "பாவம். என்ன... என்ன மாதிரி."

தினமும் கேட்கிறதென்பதை விரலைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். அந்த ஆளுக்கும் வார்த்தை வருவதில்லை என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். இரக்கத்தில் அவர் கண் கலங்கியிருந்தது.

அவருக்குத் தெரியவில்லை. தன் குரலென்று அவர் நினைத்திருந்தது சந்தையைக் கட்டி ஆண்ட குரலை. சுவருக்கு அந்தப் பக்கம் முனகுகிறவன் யாரோ ஒரு பாவப்பட்டவன். பெரியவள் தலையை ஆட்டினாள். ஆமாப்பா, பாவம்தான் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் வாயெல்லாம் கசந்தது.

பிறகு சின்னவன் அறைக்குப் போய், ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாள்.

"அத அழி."

"எத?"

அவள் அப்பா இருந்த அறைச் சுவரைக் கையால் காட்டினாள். அவன் புரிந்துகொண்டு இளித்தான்.

"ஜோக்குக்கா. சும்மா ஒரு நாள் சுவத்தோரமா ரெக்கார்ட் பண்ணேன். டீம்ல எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. அப்பாவுக்கு ஒரு ரசிகர் கூட்டமே இருக்கு, தெரியுமா?"

அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். இடுப்பிலேயே திரிந்தவன். அந்த இளிப்பைப் பார்க்கையில், சற்று முன் சட்டைக் கைக்குள் ஊர்ந்ததைவிட அதிகமாக அவளுக்கு உடம்பு கூசியது. அழிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். முனகிக்கொண்டே அழித்தான். டீம்காரர்களிடம் இருக்கிறதா என்று கேட்டாள். அவங்ககிட்ட இருக்கறதுக்கு நான் என்ன பண்ண முடியும் என்று தோளைக் குலுக்கினான். எத்தனை வீட்டில், எந்தெந்த ஊரில் அப்பா முட்டி முட்டி நிற்கிறாரோ, அதற்கெல்லாம் அழிக்கும் பொத்தான் இல்லை.

அம்மாவுக்கும் தெரிந்துதான் இருந்தது. "அவருக்குத் தெரியலல்ல, விடேன்," என்றாள். "சின்னப் புள்ளத்தனம்." முப்பது வயதுக் கழுதைக்கு இப்படிச் சப்பைக்கட்டு கட்டுகிறாளே என்று பெரியவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அம்மாவின் கைகளைப் பார்த்தாள். பாட்டில் கழுவிக் கழுவித் தோல் வெடித்த கைகள். அவற்றைத் தொடவும் மனம் வரவில்லை, அவளோடு சண்டை போடவும் மனம் வரவில்லை.

அப்பாவின் துணிகளையும் மருந்துகளையும் டேப்லட்டையும் பையில் வைத்தாள். எங்கே என்று அவர் கண்ணால் கேட்டார். என் வீட்டுக்கு, கொஞ்ச நாள் அங்க இருங்க, டீச்சரம்மா அங்கேயும் வருவாங்க என்றாள். அவர் உடனே தலையாட்டினார். கேட்பதற்காகவே காத்திருந்தவர்போல. அம்மாவையும் கூப்பிட்டாள். அவனுக்கு யார் பொங்கிப் போடுவது என்று அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கார் கிளம்பும்வரை சின்னவன் வெளியே வரவில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

பெரியவள் வீட்டில் பயிற்சி மறுபடி தொடங்கியது. அந்தப் பெண்ணிடம் நடந்ததில் பாதியைத்தான் சொன்னாள். நெட் கோளாறு, அப்பாமேல் தப்பில்லை என்று. மீதியை யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டாள். எதற்கென்று விளக்காமல், அன்று போனில் திட்டியதற்கு என்று மட்டும். அவர் அவள் தலையில் கை வைத்து அழுத்தினார். இப்போது அவருக்குத் தண்ணி, ஜன்னல், போதும் என்கிற வார்த்தைகள் வருகின்றன. சில நாள் வருவதில்லை.

மழைக்காலத்தில் ஒரு மாலை சின்னவன் போன் செய்தான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. மின்சாரம் போய் வந்ததில் ரௌட்டரில் எல்லாம் அழிந்துவிட்டது, மறுபடி லேக் அடிக்கிறது, அன்றைக்கு என்ன செய்தாயோ அதைச் சொல் என்றான்.

வைத்துவிடலாம் என்று நினைத்தாள். வைக்கவில்லை. அலுவலகத்தில் முகம் தெரியாத ஆட்களிடம் பேசும் அதே குரல் தானாக வந்தது.

"ரௌட்டர ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணுங்க. மூணாவது லைட் எரியுதான்னு பாத்துச் சொல்லுங்க."

மறுமுனையில் சின்னவன் சிரித்தான். "என்னக்கா, மரியாதையெல்லாம் தூள் பறக்குது?"

"லைட் எரியுதுங்களா?" என்றாள் பெரியவள்.