மூன்றாவது அடி

ஜெபக்குமார் நல்லோர் சேவைச் சங்கத்தில் சேர்ந்ததற்கு அவன் மனைவி ஹெப்சிபாதான் காரணம். நாசரேத்திலிருந்து ராஜபாளையத்துக்கு வந்து, பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் போட்டு, அது நன்றாக ஓடியும்கூட அவனுக்குத் தறிக்கூடம், வீடு, ஞாயிற்றுக்கிழமை ஆலயம் தவிர வேறு போக்கிடம் இல்லை.

"நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா ஓடி வர இந்த ஊர்ல யாருங்க இருக்கா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சங்கத் தலைவர் சமுத்திரம் உரக்கடைக்காரர். கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் அவனுக்குச் சால்வை போர்த்தி, உறுதிமொழியை வாசிக்கச் சொன்னார். தன்னலம் பாராமல் ஊருக்கு உழைப்பேன் என்ற இடத்தை ஜெபக்குமார் மற்றதைவிடச் சத்தமாக வாசித்தான். எல்லோரும் வந்து கை கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் அவன் அந்த ஊர்க்காரனானதாக நினைத்தான்.

அவன் சேர்ந்த பிறகு சங்கம் எடுத்த முதல் வேலை, வத்திராயிருப்புப் பக்கம் ஒரு கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயைத் தூர்வாருவது. அனுமதி வாங்கி, ஜேசிபி பிடித்திருந்தார்கள். அதை ஓட்டியவன் கூமாப்பட்டி சிவபாண்டி. உறுப்பினர்கள் தொப்பி போட்டுக்கொண்டு மண்வெட்டி, கடப்பாரையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். உச்சிவெயிலில் வண்டி ஒரு தென்னந்தோப்பை எட்டியது. அங்கே கால்வாயை மண் போட்டு மூடி, கன்று நட்டிருந்தார்கள். சமுத்திரம் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"இம்புட்டுப் போதும் தம்பி. மிச்சத்தைப் பொறவு பாத்துக்கிடலாம்."

"இங்க அடைச்சிருந்தா கண்மாய்க்குத் தண்ணி எப்படி அண்ணாச்சி போகும்?" என்று ஜெபக்குமார் கேட்டான்.

"இது என் மச்சினன் மலைச்சாமி தோப்பு. நான் பேசி வழிக்குக் கொண்டாறேன். வாங்க, சாப்பிடப் போவோம்."

கார்கள் கிளம்பிப் போயின. பசியில்லை என்று ஜெபக்குமார் நின்றுகொண்டான். கரையில் ஊர்க்காரர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் அய்யம்மாள் என்ற பெண், "சாப்பிட்டுட்டு நீங்களும் போயிருங்கய்யா. போட்டோதான் எடுத்தாச்சே" என்றாள். அவள் கேலியாகக்கூடச் சொல்லவில்லை. அது அவனைச் சுட்டது.

"சிவபாண்டி, வண்டிய எடு. தோண்டு."

"தலைவர் வேண்டாம்னாரே?"

"நானும் சங்கத்து ஆளுதான். நான் சொல்லுதேன், தோண்டு."

நாலைந்து கன்று சரிவதற்குள் மலைச்சாமி பைக்கில் வந்துவிட்டான். பைக்கைக் கீழே போட்டுவிட்டு, அருவாளோடு ஜேசிபியின் படியில் ஏறி வெட்டினான். சிவபாண்டி இடது கையால் தடுத்தான். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் வண்டிக்குள்ளேயே விழுந்தன. மலைச்சாமி அவனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, மண்ணில் தள்ளி, கழுத்தைப் பார்த்து அருவாளை ஓங்கினான்.

ஜெபக்குமார் கையில் கடப்பாரை எப்போது வந்ததென்று அவனுக்குத் தெரியாது. முதல் அடி தோளில் விழுந்தது. அருவாள் தெறித்தது. மலைச்சாமி அதை எடுக்கக் குனிந்தபோது இரண்டாவது அடி முழங்காலில் விழுந்தது. அவன் கால்வாய்க்குள் மல்லாந்தான்.

"விட்டுரு," என்று இரண்டு கையையும் தூக்கினான். அந்தக் கைகளில் ஒன்றுமில்லை. ஜெபக்குமார் அதை நன்றாகவே பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் மூன்றாவது தடவை அடித்தான், அதே முழங்காலில். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது. கடப்பாரையைத் தலைக்கு நேராக ஓங்கியபோது அய்யம்மாள் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நாலு பேர் சேர்ந்து இழுத்து அவனைக் கரையில் உட்கார வைத்தார்கள்.

முதலுதவிப் பெட்டி காரோடு போயிருந்தது. ஜெபக்குமார் தன் சட்டையைக் கிழித்துச் சிவபாண்டியின் கையைக் கட்டினான். கிடைத்தது ஒரே ஒரு லோடு ஆட்டோ. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் அதிலேயே கிடந்தார்கள். நடுவில் பனியனோடு ஜெபக்குமார் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மலைச்சாமி அலறினான்.

"கையத் தூக்குன பொறவும் அடிச்சியேலே," என்றான்.

"நீ பேசாத," என்றான் சிவபாண்டி.

மறுநாள் சமுத்திரம் ஜெபக்குமாரின் வீட்டுக்கு வந்தார். "ரெண்டு பக்கமும் கேஸ் வேண்டாம்னு எழுதிக் குடுத்துருவோம். சிவபாண்டிக்கு வேண்டியத சங்கம் செய்யும். இல்லைன்னா, தம்பி, சங்கத்துப் பேரே கெட்டுப்போகும்."

"சரின்னு சொல்லுங்க," என்றாள் ஹெப்சிபா. அவள் இரவெல்லாம் அழுதிருந்தாள்.

"தோண்டச் சொன்னது நான். விரல் போனது அவனுக்கு. அவன்கிட்டக் கேக்காம நான் என்ன எழுதிக் குடுக்க?"

சிவபாண்டி சம்மதிக்கவில்லை. ஜெபக்குமார் போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததை அப்படியே சொன்னான். முதல் இரண்டு அடி சிவபாண்டியைக் காப்பாற்ற, மூன்றாவது அப்படி இல்லை என்றான். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்து, "அதையும் எழுதவா?" என்று கேட்டார். எழுதச் சொன்னான். அவன் மேலும் மலைச்சாமி மேலும் வழக்கு விழுந்தது. சங்கம் அவனை நீக்கியது. தெருவில் சமுத்திரம் அவனைப் பார்த்தால் கடைக்குள் திரும்பிக்கொண்டார்.

ஊர்க்காரர்கள் மனு மேல் மனுவாகக் கொடுத்து, அதிகாரிகள் வந்து தோப்பிலிருந்த அடைப்பை வெட்டிவிட்டார்கள். ஐப்பசி மழையில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது. ஜெபக்குமார் அதைப் பார்க்கப் போகவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாய்தாவுக்குக் காத்திருந்த ஒரு நாள், மலைச்சாமி ஊன்றுகோலோடு வந்து அதே பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான். கால் மடங்கவில்லை, நீட்டியே வைத்திருந்தான்.

"அந்தப் பொம்பள உன்னப் பிடிக்கலைன்னா கொன்னுருப்பியோ?" என்று மலைச்சாமி கேட்டான்.

"கொன்னுருப்பேன்."

"நானும் அவன வெட்டித்தான் போட்டிருப்பேன்."

உள்ளே இருவர் பெயரையும் கூப்பிட்டார்கள். மலைச்சாமி எழுந்திருக்கத் தடுமாறினான். ஜெபக்குமார் கையை நீட்டினான். அவன் பிடிக்கவில்லை, சுவரைப் பிடித்து எழுந்தான். படிகளில் அவன் ஒவ்வொன்றாக ஏறி முடிக்கும் வரை ஜெபக்குமார் கீழேயே நின்றான்.