நாற்பதாவது பை

"ராஜஸ்ரீ கந்தசாமி" என்று பதிவேட்டிலிருந்து அச்சுதன் வாசித்தபோது நான் வேர்க்கடலைப் பொட்டலத்தின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். "வரலை போலிருக்கு, ஏட்டை மூடிடுங்க" என்று சொல்வதற்கு நாக்கைத் தயாராக மடித்து வைத்திருந்தேன். அந்தப் பெண்ணால் வர முடியாது என்பது புனே பக்கத்தில் இந்த ஆகுர்டியில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஏனென்றால் அவளை நானே முந்தைய வியாழக்கிழமை மாலை நாலே முக்கால் மணிக்கு, அறுபத்தேழு வயதில், பிரசவ வலி ஏதுமில்லாமல் பேனாவால் பெற்றெடுத்திருந்தேன்.

மண்டபத்தின் கடைசியில், செருப்புகள் குவிந்து கிடந்த வாசலருகிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஹஜர்."

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த மே மாதம் வெயில் எப்படி இருந்ததென்றால், பறந்துகொண்டிருந்த காக்கை வறுபட்டுத் தொப்பென்று எங்கள் மொட்டை மாடியில் விழுந்தது. ஒன்றல்ல, ஏழு. பள்ளிக்கூடம் மூடினால் பள்ளிக்கூடத்துக் கிச்சடியும் மூடிவிடும். அப்பா கட்டட வேலை, அம்மா நாலு வீட்டில் பாத்திரம் என்று இருக்கிற பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு என்பது அந்தக் கிச்சடிதான். அதனால் எங்கள் தமிழ் மன்றத்தில், பள்ளி திறக்கிற வரை ஆறு சனிக்கிழமை, பிள்ளைக்கு ஒரு மஞ்சள் பை கொடுப்பதென்று முடிவாயிற்று. அரிசி, ஆட்டா, துவரம்பருப்பு, எண்ணெய், வெல்லம், கடலை. தளேகாவில் ஒரு தொழிற்சாலைக்காரர்கள் சரக்கை வண்டியில் அனுப்புவார்கள். ஆனால் நாற்பது பிள்ளைகளாவது இருந்தால்தான் வண்டி கிளம்பும். முப்பத்தொன்பது என்றால் வராது. பிள்ளை நேரில் வந்து, பள்ளிக்கூடத்தில் போலவே பெயர் கூப்பிட்டதும் 'ஹஜர்' சொல்லி வாங்க வேண்டும் என்பது நான் போட்ட விதி. விடுமுறையில் அந்த வார்த்தை மறந்துவிடக் கூடாது பாருங்கள்.

விண்ணப்பம் ஐந்து மணிக்குள் போக வேண்டும். நாற்பதாவது குடும்பம் அன்று காலை ரயிலில் கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டது என்று நாலரைக்குச் செய்தி வந்தது. எதிரே ராஜஸ்ரீ புடவைக் கடைக் காலண்டர். பக்கத்தில் வேலோடு கந்தசாமி. வேறென்ன வேண்டும்? முப்பத்தெட்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவள் நான். லைன் கிடைக்கவில்லை என்று சொன்னால் மனிதர்கள் வாடிப்போவார்கள். சோலாப்பூர் பக்கம் கம்பியில் ஒரு மலைப்பாம்பு படுத்திருக்கிறது, ஆள் போயிருக்கிறது என்றால் பொறுமையாகக் காத்திருப்பார்கள். சிலர் பாம்பின் நலத்தைக்கூட விசாரிப்பார்கள். அதே கையால் எழுதினேன். நான்காம் வகுப்பு. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. லீவு நாளிலும் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுத் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறாள். வீடு, ரயில் பாதையோரம் மூன்றாவது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தகரக் கொட்டகை.

'ஹஜர்' சொன்ன பெண் வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஒல்லி. எண்ணெய் காணாத தலை. மார்போடு அணைத்தபடி ஒரு ஸ்டீல் தட்டு. பையை வாங்கிக்கொண்டு அவள் சிரித்தபோது மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. தட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. மராத்தி எழுத்தில், ராஜஸ்ரீ.

பயந்தேன் என்று நினைக்காதீர்கள். குதூகலித்தேன். அச்சுதன் கடக்வாஸ்லா ராணுவப் பயிற்சிக் கழக அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எறும்பைக்கூட மூன்று வரிசையில் நிறுத்திவிட்டுத்தான் சர்க்கரை போடுவார். என் புளுகைக் கண்டுபிடித்து எனக்குப் பாடம் புகட்டத்தான் எங்கிருந்தோ ஒரு பிள்ளையைத் தயார் செய்து கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். மனிதருக்கு இவ்வளவு விளையாட்டுப் புத்தி உண்டா என்று அன்று முழுவதும் அவரைப் பார்த்துப் பார்த்துக் கண்ணடித்தேன். அவர் என் கண்ணில் தூசி விழுந்துவிட்டதென்று சொட்டு மருந்து வாங்கி வந்தார்.

தொழிற்சாலையில் இந்தக் காரியத்தைப் பார்த்துக்கொண்டவள் ரீனா. கோயம்புத்தூர்க்காரர் மகள்தான், ஆனால் புனேவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் அவள் வாயில் கல் தடுக்கித் தடுக்கி நடக்கும். வாராவாரம் புதன்கிழமை ஒரு பிள்ளையைப் பற்றி நாலு வரி அனுப்பச் சொன்னாள், அவர்களுடைய செய்திமடலில் போடுவதற்கு. உண்மையான பிள்ளைகளின் வறுமையை எழுதி அச்சில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ராஜஸ்ரீயை எழுதினால் யாருக்கும் வலிக்காது. அவளுக்கு ஒரு தங்கை, ஒன்றரை வயது, அதை இடுப்பை விட்டு இறக்குவதே இல்லை என்று எழுதினேன். இடுப்பில் தழும்பே விழுந்துவிட்டது என்றும் சேர்த்தேன். எழுதும்போது சேர்க்காமல் எப்படி இருப்பது?

அடுத்த சனிக்கிழமை அவள் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. ஒரு கையில் அது, ஒரு கையில் தட்டு. பையை எதில் வாங்குவதென்று விழித்தாள். நானே பையைத் தோளில் மாட்டிவிட்டேன். குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. கை சூடாக, பிசுபிசுப்பாக, எல்லாக் குழந்தைகளின் கையையும் போலத்தான் இருந்தது. ஏழைப் பெண் இடுப்பில் குழந்தை இருப்பது என்ன அதிசயம், பத்துக்கு எட்டில் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அந்தப் புதன்கிழமை அப்பா கந்தசாமியைத் தளேகாவ் கட்டடச் சாரத்திலிருந்து கீழே தள்ளினேன். சாகடிக்கவில்லை. கால் மட்டும்.

மூன்றாவது சனிக்கிழமை பையை வாங்கிக்கொண்ட பிறகும் அவள் நகரவில்லை.

"அப்பாவுக்குக் காலு ஒடிஞ்சிபோச்சி ஆன்ட்டி. சாரத்துலேர்ந்து வுழுந்துட்டாரு. இன்னொரு பை தருவீங்களா?"

என் கையிலிருந்த கடலைப் பொட்டலம் அவிழ்ந்து சிதறியது. மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளும் பாய்ந்து பொறுக்கினார்கள். அவள் மட்டும் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. அடுத்து என்ன என்று வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பார்வை.

என் வீட்டுக்கென்று எடுத்துவைத்திருந்த அரிசியைக் கொடுத்து அனுப்பினேன். பிள்ளைகள் போனதும் அச்சுதனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். காலண்டர், வேல், சாரம் எல்லாம். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுப் பதிவேட்டை மூடினார்.

"மலைப்பாம்பு கதையவே நான் நம்பினதில்ல மேடம். பொண்ணு கண்ணு முன்னால வந்து நிக்குது, அதைப் போய் இல்லேங்கறீங்க. பொய் சொல்றதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும்."

அறுபத்தேழு வருடத்தில் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன், விலைபோகவில்லை. திங்கட்கிழமை காலை நானே அந்த முகவரிக்குப் போனேன். ஆகுர்டி ஸ்டேஷன் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டியே நடந்தேன். முதல் தொட்டி வந்தது. இரண்டாவது வந்தது. அதற்குப் பிறகு தொட்டியே இல்லை, முள்ளும் பொட்டலும்தான். நான் எழுதும்போது மூன்று என்ற எண் அழகாக இருந்ததால் போட்டேன், அவ்வளவுதான். ஆடு மேய்த்த ஒரு பெண்ணிடம் மராத்தியில் விசாரித்தேன். இங்கே எந்தக் காலத்திலும் கொட்டகை கிடையாது என்றாள். திரும்பலாம் என்று பார்த்தபோது, இரண்டு முள்மரங்களுக்கு நடுவே ஒரு கம்பி கட்டியிருப்பது கண்ணில் பட்டது. அதில் எங்கள் மஞ்சள் பைகள் மூன்று, துவைத்து, வாய் கீழாகக் காயப்போட்டிருந்தன. தொட்டுப் பார்த்தேன். ஈரம். சுற்றிலும் ஒரு குடம் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்திய தடம் கிடையாது. ஆனாலும் எங்கிருந்தோ பருப்பு வேகிற வாசனை வந்தது. நான் நடந்தேன் என்று சொல்ல ஆசைதான். ஓடினேன். என் முட்டிகளுக்கு அப்படி ஒரு திறமை இருப்பது அன்றுதான் தெரிந்தது.

அந்த வாரம் ஒரு வரிகூட அனுப்பவில்லை. பேனாவை எடுத்துக் கடுகு டப்பாவுக்குள் போட்டு மூடிவைத்தேன். எழுதாவிட்டால் எதுவும் நடக்காது என்பது என் கணக்கு.

நான்காவது சனிக்கிழமை அவள் இடுப்பு காலியாக இருந்தது. உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தே நின்றது, இன்னும் குழந்தை அங்கேயே இருப்பது போல.

பாப்பா எங்கே என்று கேட்டேன். ஜுரம் என்றாள். ரெண்டு நாளாகக் கண்ணே திறக்கவில்லையாம். பிறகு வரிசையில் நின்ற யாருக்கும் கேட்காதபடி தணிந்த குரலில் கேட்டாள்.

"அடுத்த வாரம் என்ன ஆவும் ஆன்ட்டி?"

வாசல்படியில் போய் உட்கார்ந்து ரீனாவுக்குப் போன் செய்தேன். அவள் எனக்கு முன்னால் பேசிவிட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க இந்த வீக் அனுப்பல இல்ல, அதனால நானே கொஞ்சம் போட்டேன். பேபிக்கு ஃபீவர், கண்ணு ஓபன் பண்ணலன்னு. எல்லாரும் படிச்சு ஒரே அழுகை. அடுத்த வருஷமும் வண்டி அனுப்பறாங்க ஆன்ட்டி. நெக்ஸ்ட் வீக் கொஞ்சம் ஸேடா, அழற மாதிரி முடிச்சா நல்லாருக்கும்."

"முடிக்கறதா? கண்ணு, நீ பேனாவத் தொடாதே. என்ற தலைமேல சத்தியம். இனி நாந்தான் எழுதுவேன்."

அவள் சிரித்தாள். புதன்கிழமை நாலு மணிக்குள் வந்தால் என்னுடையதைப் போடுவாளாம். இல்லாவிட்டால் தன் கையால் எழுதியது தயாராக இருக்கிறதாம். எப்படி முடித்திருக்கிறாய் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அதெல்லாம் பொய், அப்படி ஒரு பெண்ணே கிடையாது என்று சொல்லிவிட்டால் முப்பத்தொன்பது பைகளும் அன்றோடு நிற்கும். அதைவிட இன்னொரு பயம். இல்லை என்று சொன்னால், அதுவும் நடந்துவிட்டால்?

புதன்கிழமை கடுகு டப்பாவைத் திறந்து பேனாவை எடுத்தேன். குழந்தைக்கு நல்லபடியாக எழுத வேண்டும், அவ்வளவுதான். கை என் பேச்சைக் கேட்டால்தானே? மும்பையிலிருந்து ஒரு டாக்டர் ரயிலில் வந்தார் என்று எழுதியது. அடித்தேன். எந்த டாக்டர், அவர் எதை வெட்டுவார், யாருக்குத் தெரியும். நள்ளிரவில் ஆத்தா கனவில் வந்தாள் என்று எழுதியது. அவசரமாக அடித்தேன், அவள் வந்தால் சும்மா போகமாட்டாள். ஒவ்வொரு அலங்காரத்துக்குப் பின்னாலும் ஒரு வால் இருந்தது, அந்த வால் எங்கே போய்ச் சுற்றும் என்று எனக்கு இப்போது தெரிந்திருந்தது. மூன்றே முக்காலுக்கு, வியர்வை கண்ணில் இறங்க, என் வாழ்நாளிலேயே மிக மொட்டையான நாலு வரியை எழுதி முடித்தேன்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது. கண்ணைத் திறந்தது. கஞ்சி குடித்தது. அக்காவின் தட்டில் கரண்டியால் தட்டி விளையாடியது.

அனுப்பினேன். நாலு மணிக்கு முன்னாலா பின்னாலா என்று பார்க்கப் போனில் மணியைத் தேடினேன். நாலு, சரியாக. ரீனாவை அழைத்தேன், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருக்கிறாள் என்றார்கள்.

ஐந்தாவது சனிக்கிழமை வெயில் ஒன்பது மணிக்கே வாசலைத் தாண்டி மண்டபத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நான் எண்ணினேன், முப்பத்தொன்பது. அச்சுதன் பெயர்களை வாசிக்க வாசிக்க 'ஹஜர், ஹஜர்' என்று பைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியில் என் முன்னால் ஒரே ஒரு மஞ்சள் பை நின்றது. அதில் அன்று நானே ஒரு பொட்டலம் ஜவ்வரிசியும் ஒரு சின்னக் கரண்டியும் ஒளித்து வைத்திருந்தேன்.

"ராஜஸ்ரீ கந்தசாமி."

மின்விசிறி சுற்றியது. ஒரு பிள்ளை இருமியது.

"ராஜஸ்ரீ கந்தசாமி" என்று அச்சுதன் இரண்டாம் முறை வாசித்தார். மூன்றாம் முறை வாசிக்கிற வழக்கம் ராணுவத்தில் கிடையாது போலும். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். பெயரை அடிப்பதற்கு ஏட்டின் மேல் அளவுகோலைச் சாய்வில்லாமல் வைத்தார். அவர் கையைப் பிடித்தேன். முப்பத்தெட்டு வருடப் பழக்கம், என் வாய் தானாகவே சொன்னது, "கொஞ்சம் லைன்ல இருங்க."

வெளியே செருப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம், வெயில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்த இடத்திலிருந்து, ஸ்டீல் மேல் ஸ்டீல் பட்டாற்போல ஒருமுறை டிங் என்றது. அச்சுதன் தலையை நிமிர்த்தினார். அவருக்கும் கேட்டிருக்கிறது. நான் மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தட்டலுக்காக நின்றேன்.