பிலோமியின் ராஜா

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜவுளிக்கடையில் கிடைத்தது. கடை என்னுடையதல்ல. என் மனைவி வள்ளியாத்தாளின் தம்பி ஈஸ்வரமூர்த்தி மூணாறு பஜாரில் வைத்திருப்பது. போன மார்கழியில் அவனுக்குக் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டான். எங்கள் ஊர் எலப்புள்ளியில் கடலை பிடுங்கி முடித்து நான் சும்மா இருந்த சமயம். எழுத்தும் ஓடவில்லை. எழுதிய மூன்று கதைகளைக் கோயமுத்தூர்ப் பத்திரிகை ஒன்று போட்டிருந்தது. அவற்றைப் படித்தேன் என்று சொன்ன ஒரு மனிதரையும் நான் அதுவரை கண்டதில்லை. ஆகவே கடையைப் பார்த்துக்கொள்ள மலையேறினேன்.

ஒரு நாள் மத்தியானம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். தேயிலை ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிறவர் என்பது சுட்டுச் சுட்டு ஆறிய கைகளைப் பார்த்தாலே தெரிந்தது.

"செவப்புத் துணி வேணும் அண்ணாச்சி. பளபளன்னு இருக்கணும். வெல ஜாஸ்தியா இருக்கப்பிடாது."

"யாருக்குங்க?"

"ராசாவுக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் பெயர் சுவக்கீன். தோட்டத்து வேதக்கோயில் திருநாளுக்கு நாடகம் எழுதுகிறவர். நானும் எழுதுகிறவன் என்று சொன்னேன். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

2

எப்படித் தொடங்குவது என்று பல நாள் திண்டாடினேன். கிழித்தவற்றில் சில:

"மலைமுகட்டில் மேகங்கள் ஒரு"

(ஒரு என்ன? எனக்கே தெரியவில்லை.)

"பெருமழைக்கு முந்தைய நாள் இன்னாசிராஜ் தன் மனைவியிடம்"

இதையும் விட்டேன். மழைக்கு முந்தைய நாள் என்பது மழை வந்த பிறகு நாம் வைக்கிற பெயர். அவனுக்கு அது வெறும் ஒரு நாள். கொழுந்து நனைந்திருக்கும், கூரை ஒழுகியிருக்கும், அவ்வளவுதான்.

ஆகையால் அலங்காரம் இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.

3

சுவக்கீன் எழுதிய நாடகத்தில் ஒரு ராஜா. அவன் குற்றமற்ற துறவி ஒருவரைச் சிறையில் அடைக்கிறான். கடைசியில் மனம் திரும்பி, துறவியின் காலடியில் விழுந்து உயிர் விடுகிறான். சுவக்கீன் இதை ஃபேக்டரி அடுப்பின் முன்னால் மனத்துக்குள்ளேயே கட்டி, வீட்டுக்கு வந்து எழுதினார். தோட்டத்து ஆட்களே நடித்தார்கள். ராஜா வேஷம் எப்போதும் இன்னாசிராஜுக்கு. நல்ல உயரம், கணீரென்ற குரல். அவன் மனைவி பிலோமி கொழுந்து பறிக்கிறவள். அவர்களுக்கு ஒரு சிறு பெண், இன்பமேரி.

மலையாளத்தார் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று சொல்லும் அந்த மழை வந்தது.* லயத்துக்கு மேலே ஓடை அடைத்துக்கொண்டது. தண்ணீர் வீடுகளுக்குள் பாயாமல் திருப்பிவிட இன்னாசிராஜ் மண்வெட்டியோடு ஏறினான். அவன் வெட்டிய பக்கம் தண்ணீர் திரும்பியது. பிறகு மேட்டு மண் சரிந்தது. லயம் தப்பியது. அவன் தப்பவில்லை.

சுவக்கீன் வீட்டில் கூரையோடு நாடகமும் போயிற்று. தாள்கள் மாவு போலக் கரைந்துவிட்டன.

(* மலையாள ஆண்டு 1099, ஆங்கிலக் கணக்கில் 1924. லயம் என்பது தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் வீடுகள்.)

4

திருநாள் நெருங்கியது. இந்த வருஷம் நாடகம் வேண்டாம் என்று முடிவுசெய்து, அதைப் பிலோமியிடம் சொல்வதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சுவக்கீன் அவள் வீட்டுக்குப் போனார்.

கதவு திறந்திருந்தது. உள்ளே குழந்தை சாப்பிட மறுத்து அடம்பிடித்துக்கொண்டிருந்தது. பிலோமி தட்டைக் கையில் பிடித்தபடி, நெஞ்சை நிமிர்த்தி, கனத்த குரலில் சொன்னாள்:

"என் செங்கோல் நிழலில் நின்றுகொண்டு எனக்கே மறுமொழி சொல்வாயோ?"

குழந்தை வாயைத் திறந்தது.

சுவக்கீன் வாசலிலேயே நின்றுவிட்டார். அது அவர் எழுதிய வசனம். துறவியைப் பார்த்து ராஜா உறுமுவதற்காக எழுதியது. அதை மனத்துக்குள் கட்டும்போது அடுப்பு அனலில் கண் எரிந்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

"உனக்கு இது எப்படித் தெரியும், தாயி?"

"வீட்டுல வேற என்ன பேசுனாக அண்ணே? வெந்நி கேட்டாலும் ராசாதான், வெத்தல கேட்டாலும் ராசாதான். எனக்கு மொத்தமும் வரும்."

அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்டார். அவர் மறந்துபோன இடங்களும் அவளிடம் இருந்தன. "எழுதுனவனுக்கு எழுதுனது நிக்காது அண்ணாச்சி, பேசுனவனுக்குத்தான் நிக்கும்" என்றார் என்னிடம். நாடகத்தைப் போட்டுவிடலாம் என்று அந்த வாசலில்தான் அவருக்குத் தோன்றியது. பவுல்ராஜ் என்ற இளைஞனை ராஜாவாக்கலாம், பிலோமி அவனுக்குப் பாடம் சொல்லித் தரட்டும் என்று யோசனை ஓடியது.

எல்லாம் சொல்லி முடித்த பிலோமி கடைசி இடத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"ராசா சாவுற எடம் எனக்குத் தெரியாது அண்ணே. அவுக வீட்டுல அத மட்டும் சொன்னதே இல்ல. அந்த எடம் வந்துட்டா, 'போதும் பிலோமி, சோத்தப் போடு'ன்னுருவாக."

"அத நான் திரும்ப எழுதிக்கிடுதேன்."

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து கேட்டாள். "ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது. இந்த வருசம் ராசாவச் சாவடிக்காதீய."

"அவன் பாவம் செஞ்ச ராசால்லா? மனந்திரும்பி உசுர விட்டாத்தான நாடகம் முடியும்?"

"முடியாட்டா என்ன?"

5

இந்த இடத்தில் நானும் மாட்டிக்கொண்டேன். பிலோமி அழுதாளா என்று சுவக்கீன் சொல்லவில்லை. என் முதல் பிரதியில் அழவைத்தேன். இரண்டாம் பிரதியில் கண்ணீரை அடக்கவைத்தேன். இரண்டும் நான் செய்த வேலை.

பவுல்ராஜுக்கும் பிலோமிக்கும் கல்யாணம் செய்துவைத்து ஒரு முடிவு எழுதினேன்: "பாடம் கேட்க வந்தவன் மெல்ல மெல்ல" ... அடித்துவிட்டேன்.

பிறகு இன்னொரு முடிவு. நாடகத்தன்று ராஜா சாகவேண்டிய கட்டம். சுவக்கீனுக்கு அடி எடுத்துக் கொடுக்க நா எழவில்லை. சபை காத்திருக்கிறது. பவுல்ராஜ் தவித்து, பிலோமியிடம் கற்றதையெல்லாம் நாடகம் என்றே நம்பியவனாய், உரத்துச் சொல்கிறான்: "போதும் பிலோமி, சோத்தப் போடு." கூட்டம் சிரிக்கிறது. பிறகு அடங்குகிறது.

எழுதியதும் எனக்குப் புல்லரித்தது. கூடத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்த வள்ளியாத்தாளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கை நின்றது.

"ஏனுங்க, இது நெசமா நடந்துதுங்களா?"

"இல்லை. நானாகச் சேர்த்தது."

"அப்ப எடுத்துப்போடுங்க. புருசன் ஊட்டுக்குள்ள பேசுன பேச்சு. அத்தன சனத்துக்கு முன்னால அத எடுத்து உட்டா, அந்தப் புள்ள எப்புடிங்க அங்க உக்காந்திருப்பா?"

எடுத்துவிட்டேன். (எடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே உங்களுக்குச் சொல்லியும் விட்டேன். அழகாக வந்த ஒன்றை முழுவதும் எறிய இன்னும் பழகவில்லை.)

6

நடந்தது இதுதான்.

சுவக்கீன் ராஜாவின் சாவைத் திரும்ப எழுதினார். ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்கும் தோட்டத்துக் கங்காணிதான் திருநாள் செலவில் பெரும்பங்கு தருகிறவர். ராஜா செத்தே ஆகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாவு நன்றாகவே வந்திருந்தது என்றார் சுவக்கீன். தான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்றும் சொன்னார்.

திருநாளன்று பிலோமி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெண்களோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பவுல்ராஜ் சிவப்புச் சால்வையோடு நின்று வசனம் சொன்னபோது அவள் உதடுகளும் கூடவே அசைந்தன. கடைசிக் கட்டம் வந்தது. உதடுகள் நின்றன. திரைக்குப் பின்னாலிருந்து சுவக்கீன் அதைப் பார்த்தார். கையில் தாள் இருந்தது. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மத்தளக்காரரைப் பார்த்து மங்களம் தொடங்கச் சொன்னார்.

ராஜா நின்றபடியே இருக்க, மங்களம் பாடி முடிந்தது.

கங்காணி திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "என்னவே, ராசா என்ன ஆனாரு?"

"தெரியல ஐயா."

"எழுதுனவன் நீரு. உமக்குத் தெரியாதா?"

அடுத்த வருஷம் வேறு ஆளை வைத்து வேறு நாடகம் போடப்போவதாகக் கங்காணி எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டுப் போனார். ஜனங்களும் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். பிலோமி அவர் பக்கம் பார்க்காமலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். எழுதிய ஒரே நல்ல கட்டத்தையும் இழந்து, யாருக்காக இழந்தாரோ அவளையும் மகிழ்விக்காமல் நின்றதுதான் தன் வாழ்விலேயே மோசமான நேரம் என்றார் சுவக்கீன்.

மறுநாள் கொழுந்து நிறுக்க வந்த பிலோமி, கூடையை இறக்கிவிட்டு அடுப்புப் பக்கம் வந்தாள்.

"நேத்து ராசாவ நிக்க வச்சுட்டே பாட்டுப் பாடிட்டியளே அண்ணே. எவ்வளவு நேரந்தான் ஒரு மனுசன் நிப்பான்? காலு வலிக்காதா? உக்கார வைங்க."

சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

7

அடுத்த வருஷம் கங்காணி சொன்ன வேறு ஆள் கிடைக்கவில்லை. நாடகத்தில் ராஜா உட்கார்ந்தார்.

உட்கார்ந்த ராஜா சும்மா இருக்க முடியாது அல்லவா? சுவக்கீன் ஒரு சின்னக் கட்டம் எழுதினார். ராஜா துறவியிடம் தன் காலில் தைத்த முள்ளைக் காட்டுகிறார். துறவி அதை எடுக்கிறார். மங்களம். அதற்கடுத்த வருஷம், ராஜா தாமே உலை வைத்து, அரிசி வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கிறார். ஒரு வருஷம் அவர் ஒன்றும் செய்யவில்லை. மழைச் சத்தத்தைக் கேட்டார், அவ்வளவுதான். சனங்கள் மூச்சுக்காட்டாமல் கூடவே கேட்டார்களாம். அந்த மழை பெய்த ஊர் அல்லவா?

இப்படியே பல வருஷம் போய், இப்போது தோட்டம் முழுக்க, திருநாளுக்கு முன்பே, இந்த வருஷம் ராசா என்ன செய்யப்போறாரு என்று பேச்சு. கங்காணியும் கேட்கிறாராம். வருஷம் முழுவதும் விறகு போட்டுக்கொண்டே சுவக்கீன் அந்த ஒரு கட்டத்தைத்தான் யோசிக்கிறார். வேறு நாடகம் எழுதவில்லை.

"எழுத ஆசையில்லையா?" என்று கேட்டேன். எனக்கு ஆசைகள் அதிகம்.

"இதுவே முடியலையே அண்ணாச்சி."

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. நான்தான் அதைக் குறையாகக் கேட்க முயன்று பார்த்தேன். மிகப் பெரிய சாவு ஒன்றை எழுதி வைத்திருக்கும் மனிதர், வருஷத்துக்கு ஒரு பருக்கை நசுக்குவதில் எப்படி நிறைந்துபோகிறார்? பல நாள் யோசித்தும் இதற்குச் சரியான வாக்கியம் எனக்கு அகப்படவில்லை. ஊருக்கு வந்தபின் ஒரு நாள் காலையில் ஏற்றம் இறைத்துவிட்டுத் திரும்பும்போது, அன்று எழுத ஒன்றும் இல்லாததற்காக நான் வருந்தவில்லை என்பதைக் கவனித்தேன். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை.

பிலோமி எப்படி இருக்கிறாள் என்றும் கேட்டேன்.

"கொழுந்து எடுக்கா. ஞாயித்துக்கெழம மீன் வாங்குதா. இன்பமேரிக்கு மாப்பிள்ள பாக்கா. சில நாள் தனியா உக்காந்திருப்பா, கூப்புட்டாலும் கேக்காது. இதுக்கெல்லாம் சேத்து என்ன பேருன்னு நீங்கதான் எழுதணும்."

நான் பெயர் எழுதவில்லை.

8

துணியை மடித்துக் கையில் கொடுத்தபோது சுவக்கீன் தயங்கி நின்றார்.

"நீங்களும் எழுதுதவுக. அதனால கேக்கேன். திருநாளுக்கு ஒரு வாரந்தான் இருக்கு. இந்த வருசம் ராசா என்ன செய்யட்டும்?"

எனக்குச் சட்டென்று மூன்று நான்கு தோன்றின. எல்லாம் பெரியவை. ஒன்றில் ராஜா கிரீடத்தைக் கழற்றி எறிந்தார். ஒன்றில் நட்சத்திரத்தோடு பேசினார். சொல்ல வெட்கமாயிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஈஸ்வரமூர்த்தி எழுந்து நடமாடத் தொடங்கியதும், திருநாளுக்கு முன்பே நான் மலையிறங்கிவிட்டேன்.

வீட்டில் வள்ளியாத்தாளிடம் கேட்டேன். அவள் கடலைத் தோலை ஊதிக்கொண்டே உடனே ஒன்று சொன்னாள். நல்லதாகத்தான் இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

சிவப்புச் சால்வை போர்த்திய ஒரு மனிதர் மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் துறவி. முன்னால், பெண்கள் வரிசையில், பிலோமி. மத்தளக்காரர் கையை ஓங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவருக்குக் கை வலிக்கும் முன் சொல்லிவிடுங்கள்.