விலகினால் வந்து சொல்ல வேண்டும்

கிரே ஹவ் மலையோட்டத்தில் 'ட்ராப் அவுட்' என்பது காலோடு முடிகிற விஷயம் அல்ல. பாதியில் விலகியவர், எவ்வளவு நொண்டினாலும், முடிவிடத்துக் கூடாரத்துக்கு வந்து தன் எண்ணைக் கொடுத்து அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்வரை அவர் மலையில் தொலைந்தவர். நான்கு மணிக்கு ஒரு எண் குறைந்தாலும் மீட்புக் குழு மேலே ஏறிவிடும்.

போன வருடம் ரோவீனா டைசன் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். அத்தனை பேர் முன்னால் தோற்று நிற்க வெட்கம். பதினாறு பேர் மழையில் அவளைத் தேடினார்கள். ஒருவருக்கு மணிக்கட்டு உடைந்தது. இந்த வருடம் ஓட்டக் கழகத்தில் இரண்டு கூட்டம் போட்டுப் பேசிய பிறகே அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் அவ்வளவுதான்.

முடித்தே தீருவது என்று வந்திருந்தாள். இரண்டாவது உச்சியிலிருந்து இறங்கும்போது கணுக்கால் மடங்கியது.

கணவாயில் கிளிஃப், கடந்து போகிறவர்களின் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு உடைந்தது அவருக்குத்தான்.

"என்னம்மா, இன்னிக்கும் வீட்டுக்குப் போய்க் குளிக்கிற உத்தேசமா?"

"கால் போச்சு கிளிஃப். விலகிக்கிறேன்."

வீக்கத்தைப் பார்த்ததும் அவர் கேலியை விட்டார். "இந்த மேகத்துல வயர்லெஸ் செத்துக் கெடக்கு. கடைசி ஆளு வர்ற வரைக்கும் நான் நகர முடியாது. உன்னால எறங்க முடியுமா?"

"முடியும்."

இடப்பக்கப் பாதையில் ஒரு மைல் போனால் அவள் வீடு. வலப்பக்கம் மூன்று மைலில் ஓட்டம் முடியும் வயல். வீட்டுப் பக்கப் பள்ளத்தாக்கில் போனும் எடுக்காது. மணி இரண்டேகால்.

கிளிஃப் தன் கைத்தடியை நீட்டினார். அவள் வலப்பக்கம் திரும்பினாள்.

சேறு, கல், மறுபடி சேறு. நூறு அடி நடப்பது, மூச்சு வாங்குவது, அடுத்த நூறு. இரண்டு முறை உட்கார்ந்தாள். இரண்டு முறையும் உடம்பு குளிர்வதற்குள் எழுந்தாள்.

வயலை எட்டியபோது நான்கு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவள் முடிக்க வருகிறாள் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. "விடாதே பொண்ணே, இன்னும் கொஞ்சந்தான்!" கயிறு கட்டிய முடிவு வழி நேர் எதிரே திறந்து கிடந்தது. முகம் எரிந்தது. அவள் கயிற்றுக்கு வெளியே சுற்றிக்கொண்டு போனாள். கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது.

கூடாரத்தில் எண்களைச் சரிபார்க்கும் மேவிஸ் பட்டியலோடு இருந்தாள். மீட்புக் குழுவினர் அவளைச் சுற்றி நின்றார்கள்.

"நூத்திப் பதினேழு. ட்ராப் அவுட்," என்றாள் ரோவீனா. குரல் எழவில்லை.

"என்ன? சத்தமா சொல்லு."

"நூத்திப் பதினேழு! நான் முடிக்கல. ட்ராப் அவுட்!"

மேவிஸ் பட்டியலில் அந்த எண்ணைக் கோடிட்டு அடித்தாள். மீட்புக் குழுத் தலைவர் குனிந்து தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார்.

"நல்லதாப் போச்சு. யாராவது டீ போடுங்கப்பா. இவளுக்கும் சேத்து."

"அடுத்த வருஷத்துக்கு என் பேரை எழுதிக்கோங்க," என்றாள் ரோவீனா.

"மொதல்ல ஷூவைக் கழட்டு," என்றாள் மேவிஸ்.