நடைவழி உபயம்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து அம்மனை இருத்தியிருந்தார்கள். தீப்பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்துச் சரியென்றால்தான் சனத்தை உள்ளே விடலாம். இல்லாவிட்டால் கோயிலே இல்லை. மின்வேலை முழுவதும் முகுந்தின் தலையில் விழுந்தது. அவன் கைதேர்ந்த எலெக்ட்ரிக்காரன், கோயில் வேலைக்குக் கூலி கேட்கத் தெரியாதவன்.

நம் சனத்தைத்தான் தெரியுமே. கோயிலென்றால் கற்பூரத்திலிருந்து கதவுப்பூட்டு வரைக்கும் யாராவது ஒருவருடைய உபயம். ஆபத்து வந்தால் சனம் வெளியே ஓடுகிற நடைவழி ஒன்று உண்டல்லவா, அதன் வயர்வேலைச் சாமான்களைப் போன வருஷம் இறந்த கணவரின் பெயரில் தருவதாகப் புஷ்பமலர் ஏற்றுக்கொண்டார். கடை கடையாக ஏறி, வயரைக் கூரையோடு பிடித்துவைக்கிற பிடிகளை வெள்ளை வெளேரென்ற பிளாஸ்டிக்கில் பார்த்து வாங்கி, பெட்டிகளுக்குச் சந்தனம் தொட்டு, அம்மன் காலடியில் வைத்து அர்ச்சனையும் செய்துவிட்டுத்தான் முகுந்திடம் நீட்டினார்.

முகுந்த் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"அக்கா, சனம் தப்பியோடுற பாதையில இரும்புப் பிடிதான் போட வேணும். நெருப்புப் பிடிச்சால் பிளாஸ்டிக் உருகி, மேல போற வயரெல்லாம் ஓடுற ஆக்களின்ர தலையில விழுந்து சிக்கிப்போடும்."

"அம்மனுக்கு முன்னால அப்பிடிக் கதையாதையும் தம்பி. இரும்பு கறள் பிடிச்சு வடிவில்லாமல் கிடக்கும். இது என்ர அவற்ற பேரில குடுக்கிறது."

முகுந்த், கோயில் தலைவரான சிறீதரனைப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா என்று அவருக்கு.

"பூட்டும். கூரைத்தட்டு அடிச்சு மறைச்சால் ஆர் பாக்கப்போறான்?" என்றார் மெல்ல.

பூசையில் வைத்த பொருளைத் திருப்பிக் கொண்டுபோங்கோ என்று சொல்ல முகுந்துக்கு நா எழவில்லை. அந்தப் பிடிகளையே வயருக்குப் பூட்டினான். பாழாய்ப்போன தாட்சணியம். விதி தெரிந்தவன் செய்கிற வேலையா இது?

வந்த அதிகாரி முதலில் கேட்டது ஏணியைத்தான். கூரைத்தட்டு ஒன்றைத் தள்ளித் தலையை உள்ளே விட்டவர் வெளியே எடுக்க வெகுநேரமாயிற்று. புதுப் பிடிகள் மட்டுமா, கிடங்கின் பழைய தண்ணீர்க் குழாய்களும் அங்கே பிளாஸ்டிக் பட்டியில்தான் தொங்கின. எல்லாவற்றையும் இரும்பில் மாற்றும்வரை ஒருவரும் உள்ளே வரக்கூடாது என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

தன் செலவிலேயே மாற்றித் தருகிறேன் என்று முகுந்த் கிடங்குக்காரரின் காலில் விழாத குறை. அவர் மசியவில்லை. இவ்வளவு காலமும் ஒருவரும் தன் குழாய்களை எட்டிப் பார்த்ததில்லை, உங்களால் வந்த வினை இது, காலி செய்யுங்கள் என்றார். வேறு இடம் தேடி அலைந்தார்கள். கோயிலென்றதும் கட்டடக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள்.

காலி செய்கிற அன்று புஷ்பமலர் முகுந்தை மறித்தார்.

"மறைக்காமல் சொல்லும் தம்பி. நான் குடுத்த சாமானாலயோ கோயில் போனது?"

ஓம், அதனால்தான் என்றால் செத்தவரின் பெயரும் சேர்ந்து கெடும்.

"இல்லையக்கா. சாமான் நல்ல சாமான். நான்தான் பிழையாப் பூட்டிப்போட்டன்."

சிறீதரன் பக்கத்தில்தான் நின்றார். பூட்டச் சொன்ன மனிதர் அம்மனின் மாலையைச் சரிசெய்யக் குனிந்தார்.

அம்மனைச் சிறீதரனின் கராஜுக்குக் கொண்டுபோகத் தூக்கினார்கள். ஒரு பக்கத்துக்கு ஆள் போதவில்லை. முகுந்த் ஓடிப்போய்க் கை கொடுத்தான்.

"நீர் தொடாதையும்," என்றார் புஷ்பமலர்.

முகுந்த் கையை எடுத்தான். சிறீதரன் வந்து அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.